காசநோய்ச் சோதனை: இயந்திரம் வந்துவிட்டது, முடிவு ஏன் வரவில்லை?

காசநோய் என்றாலே மரணம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இந்நோயால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த ஆண்டில் நோயுற்றவர்கள் 1 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் 82 லட்சம் பேர்தான். மீதி 26 லட்சம் பேர் எங்கே? தமக்கு என்ன நோய் என்றே தெரியாமல் இருமிக்கொண்டிருந்தார்கள், அல்லது எந்த அரசின் கணக்கிலும் வராமல் போனார்கள். இந்தியா, இந்தோனேசியா, சீனா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளில் மட்டும் உலகக் காசநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். 2023இல் நூற்றில் 26 பேர் இந்தியாவில் இருந்தவர்கள்.

மருந்து இருக்கிறது, ஆனால் நோய் கண்டறியப்படுவதில்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

நுண்ணோக்கியின் எல்லை

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அந்தக் காலத்தில் தொடங்கியது. இன்றும் பல ஏழை நாடுகளில் அதுவே முதல் சோதனை. செலவு குறைவுதான். ஆனால் ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10 ஆயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணுக்குப் புலப்படும். குழந்தைகளுக்கும் எச்ஐவி பாதித்தோருக்கும் சளியில் கிருமிகள் குறைவாகவே இருக்கும். அவர்களில் பலருக்கு "நோய் இல்லை" என்ற சீட்டு கிடைக்கும். நோயோ உள்ளே வளரும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயா என்பதையும் நுண்ணோக்கி சொல்லாது. அதற்குக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

இந்த நிலையை மாற்ற வந்ததுதான் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவி. உலக சுகாதார நிறுவனம் இதை 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. சளியை ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பிக்குள் செலுத்தி இயந்திரத்தில் வைத்தால், கிருமியின் மரபணுவை அது தேடுகிறது. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அதன்மீது வேலை செய்யுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். சளியைக் காறித் துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு மலத்தை வைத்தும் சோதிக்கலாம். நம் அரசு மருத்துவமனைகளில் "சிபிநாட்" என்று சொல்லப்படுவது இதுவே.

தென்னாப்பிரிக்கா தரும் பாடம்

இந்தக் கருவியை 2011 முதல் நாடு முழுவதும் கொண்டுசென்ற நாடு தென்னாப்பிரிக்கா. சாவு எண்ணிக்கை சரசரவென்று குறையும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வு, நுண்ணோக்கியால் சோதிக்கப்பட்டவர்களையும் புதிய கருவியால் சோதிக்கப்பட்டவர்களையும் ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தது. 2015இல் முடிவு வெளியானது. இரு தரப்பிலும் இறந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கருவி பொய் சொல்லவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த சங்கிலி அறுந்திருந்தது. நோய் உறுதியானவர்களில் கணிசமானோர் உடனே சிகிச்சையைத் தொடங்கவில்லை. முடிவு ஆய்வகத்தில் கிடந்தது, நோயாளி ஊரில் இருந்தார். ஆகவே "புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டது" என்ற செய்தியைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த முடிவு எத்தனை நாளில் நோயாளியின் கையில் மாத்திரையாக மாறுகிறது?

சங்கிலி எங்கே அறுகிறது?

முதலாவது, விலை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புதிய குப்பி வேண்டும். அதைத் தயாரிப்பது ஒரே நிறுவனம். 2012இல் கொடையாளிகள் பணம் கொடுத்து, ஏழை நாடுகளுக்கு 9.98 டாலர் என்று விலையைக் குறைக்க வைத்தார்கள். அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக அது அசையவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, 5 டாலருக்கு விற்றாலும் நிறுவனத்துக்கு லாபமே என்று ஆண்டுக்கணக்கில் போராடியது. 2023இல் பொதுமக்களும் சமூக ஊடகங்களில் குரல் எழுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் விலை 7.97 டாலராக இறங்கியது. கேட்டால்தான் குறையும் என்பதற்கு இது சான்று. மக்கள் வரிப்பணம் பெருமளவில் செலவிடப்பட்டு உருவான கருவி இது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, மின்சாரமும் வெப்பமும். நிலையான மின்சாரமும் குளிரூட்டப்பட்ட அறையும் இந்தக் கருவிக்குத் தேவை. பாதியில் மின்சாரம் போனால் குப்பியும் வீண், நோயாளி கொடுத்த சளியும் வீண். இந்த இடத்தில் இந்தியா ஒரு நல்ல விடை தந்திருக்கிறது. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் கருவி பேட்டரியில் இயங்கும். சிறிய சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில் நம் நாட்டில் பலருக்குச் சோதனை செய்ததும் இதே கருவிதான்.

மூன்றாவது, பணமும் போக்குவரத்தும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. காசநோய்த் திட்டங்களுக்கு மிக அதிகமாக உதவிவந்த நாடு அதுவே. மார்ச் மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது: பல நாடுகளில் ஆய்வகப் பணிகளும், கிராமத்திலிருந்து சளி மாதிரிகளை எடுத்துச் செல்லும் ஏற்பாடும் முடங்கிவருகின்றன. மேசையில் கருவி இருக்கிறது. சளி டப்பாவைக் கொண்டுவரும் பைக்குக்குப் பெட்ரோல் இல்லை. பிறர் தயவில் நிற்கும் சுகாதாரம் எவ்வளவு நொய்ந்தது என்பதை ஏழை நாடுகளின் ஆட்சியாளர்கள் இதிலிருந்து உணர வேண்டும்.

புதியதெல்லாம் நல்லதல்ல

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காசநோயைக் கண்டறிய ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனைகளை இந்தியாவின் தனியார் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் விற்றுவந்தன. அவற்றின் முடிவை நம்ப முடியாது என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் தவறான முடிவுக்குக் காசு கொடுத்திருக்கும்! ஏழையின் அறியாமையும் சந்தையில் ஒரு சரக்குதான்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

2023இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே, அதாவது 48 சதவீதத்தினருக்கே, முதல் சோதனையாக இத்தகைய விரைவுச் சோதனை கிடைத்தது. இந்த எண்ணிக்கையை உயர்த்துவது அரசுகளின் கடமை. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி வீட்டில்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் காலம் கடத்த வேண்டாம். அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சோதனையும் சிகிச்சையும் இலவசம். "சிபிநாட் அல்லது ட்ரூநாட் எடுக்க முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. அதையும் கேட்டுப் பெறுங்கள்.

நம் சமுதாயத்தில் வேறொரு தடையும் இருக்கிறது. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இருமல் வந்தால், வெளியே தெரிந்துவிடும் என்று சோதனைக்கே அழைத்துச் செல்லாத பெற்றோர் இருக்கிறார்கள். குணமாகக்கூடிய நோயை மறைத்து, குணமாகாத கட்டத்துக்குக் கொண்டுபோவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. அதே வீட்டில் உறங்கும் குழந்தைகளுக்கும் அநீதி. ஜமாஅத் நிர்வாகிகள் மனம் வைத்தால், ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிட அறிவிப்பும், மஹல்லாவில் ஆண்டுக்கொரு சளிப் பரிசோதனை முகாமும் பெரிய காரியமல்ல.

உலகச் சந்தையில் குப்பியின் விலையை நாம் ஒருவராகக் குறைத்துவிட முடியாது. வீட்டிலிருந்து சோதனை மேசை வரையிலான தூரத்தைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.