வேலை பார்த்துக்கொண்டே நூலகவியல் படிப்பு

ஊரில் எல்லோரும் படிக்க உதவுகிறவர் நூலகர். ஆனால் அவரே மேலே படிக்க நினைத்தால் உதவ ஆள் இல்லை! வேலை பார்த்துக்கொண்டே நூலகவியலில் முதுகலைப் பட்டம் படிப்பவர்கள் பலரின் நிலைமை இதுதான்.

ஒரு தனியார் கல்லூரியின் நூலக உதவியாளரை எடுத்துக்கொள்வோம். காலையில் கவுண்டரில் உட்கார்ந்தால் மாலை வரை புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, அலமாரியில் அடுக்குவது, புதிதாக வந்தவற்றைக் கணினியில் ஏற்றுவது என்று வேலை ஓயாது. பத்து வருட அனுபவம் இருக்கலாம். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஆனாலும் யு.ஜி.சி. விதிப்படி கல்லூரி நூலகர் ஆவதற்கு நூலகவியலில் முதுகலைப் பட்டம் வேண்டும், அதுவும் 55 சதவீத மதிப்பெண்ணோடு. அதற்கு மேல் நெட் அல்லது செட் தேர்வு. குடும்பம் இருக்கிறது, சம்பளத்தை விட முடியாது. தொலைதூரக் கல்வியை விட்டால் வேறு வழி ஏது?

இப்படிப் படித்தவரை "கரஸ்ல படிச்சவர்தானே" என்று இளக்காரமாகச் சொல்வது வழக்கம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைதூரக் கல்வியில் தரும் பட்டமும் நேரடி வகுப்பில் பெறும் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்தது. இளக்காரம்தான் இன்னும் போகவில்லை.

இந்தியாவில் இந்தத் துறைக்கு வழிகாட்டியவரே முதலில் வேலையில் சேர்ந்து பிறகு படித்தவர்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது அவரிடம் நூலகவியல் பட்டம் எதுவும் இல்லை. அதன் பிறகுதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார். வகுப்போடு நிற்காமல் அங்கிருந்த பல நூலகங்களையும் நேரில் போய்ப் பார்த்தார். 1925-ல் திரும்பி வந்து, 1931-ல் ஐந்து விதிகளையும் 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் நூலாக வெளியிட்டார்.

கவுண்டரில் நிற்பவருக்கு இந்தப் படிப்பு வெறும் பாடமாக இருக்காது. கணினிக் குற்றங்கள் பற்றிய சட்டப் புத்தகத்தைக் கணினி அலமாரியில் வைப்பதா, சட்ட அலமாரியில் வைப்பதா? வகுப்பறை மாணவருக்கு இது இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு வாசகர் தவறான அலமாரியில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தவருக்கோ, இதற்கு விடை தெரிந்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ரங்கநாதனைப் படிக்க அனுப்பியது பல்கலைக்கழகம். இன்றைய உதவியாளர் தேர்வு நாளுக்குக்கூட லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இக்னோவில் ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. கல்லூரியிலும் செமஸ்டர் நேரமாக இருந்தால் நூலகத்தில் கூட்டம் நிரம்பி வழியும். லீவு எங்கே கிடைக்கும்?

இதன் விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நேரம் கிடைக்காததால் சிலர் அசைன்மெண்ட்டை யாரிடமாவது வாங்கி அப்படியே எழுதிக் கொடுக்கிறார்கள். கடைசி வாரத்தில் கைடைப் புரட்டித் தேறுகிறார்கள். பட்டம் வருகிறது, படிப்பு வருவதில்லை. இளக்காரம் செய்பவர்களுக்கு அதுவே சாக்காகிவிடுகிறது.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. தேர்வு நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் போதும். செய்முறைப் பயிற்சியை வேலை பார்க்கும் நூலகத்திலேயே செய்ய அனுமதிக்கலாம். அடுக்கில் தூங்கும் பழைய தமிழ்ப் புத்தகங்களை கோஹா மென்பொருளில் முறையாகப் பட்டியலிடுவதையே புராஜெக்டாக ஏற்றுக்கொள்ளலாம். படிப்பவருக்கு மதிப்பெண், கல்லூரிக்குப் பட்டியல். யாருக்கு நஷ்டம்?

வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதுதான் ரங்கநாதனின் நான்காம் விதி சொல்வது. அதற்காக நாள் முழுவதும் உழைப்பவருக்கும் படிக்கக் கொஞ்சம் நேரம் கொடுப்பதே நியாயம். நிர்வாகங்கள் யோசிக்குமா?