உட்கார வைத்தது போதும்!

தோழர்களே! பி.டி. பீரியட் மணி அடித்துவிட்டது. வகுப்பே மைதானத்துக்கு ஓடுகிறது. ஒரு பிள்ளை மட்டும் வேப்பமரத்தடியில். மடியில் மற்றவர்களின் வாட்ச். காலடியில் தண்ணீர் பாட்டில்கள். ரத்தப் புற்றுநோயை வென்று வந்த பிள்ளை அது. அதற்கு நாம் கொடுத்திருக்கும் வேலை, காவல்!

"வேணாம் கண்ணு, நீ உட்காரு." வாத்தியார் சொல்கிறார். வீட்டில் சொல்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பாசம் பிள்ளையை முடக்குகிறது!

சிகிச்சையில் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து கால் நரம்பைத் தாக்கும். சிலருக்கு முன்பாதம் தொய்ந்து, நடக்கும்போது செருப்பு தரையில் இழுபடும். ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனமாக்கும், தசையைக் கரைக்கும். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து இதயத்தைத் தொடும். சில பேருக்கு அது பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். உட்கார்ந்திருந்தால் இவை தீருமா? தீராது! தசை இன்னும் வற்றும். மூச்சு இன்னும் வாங்கும். நாம் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த உடம்புதான் வட்டி கட்டுகிறது.

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு வேர்க்க அசைய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதே 60தான். நம் பிள்ளை 5 நிமிடத்தில் தொடங்கட்டும். ஆனால் இன்றே தொடங்கட்டும்!

1980இல், புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நம் பிள்ளை அவராக வேண்டாம். மைதானத்தை ஒரு சுற்று வந்தால் போதும்.

1954இல் அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பயந்திருந்தால் தொடங்கியிருப்பாரா? உயிரை மீட்கும் வேலையை மருத்துவர்கள் செய்கிறார்கள். ஓட வைக்கும் வேலை நம்முடையது. நம்முடையது மட்டுமே!

சிகிச்சை முடித்த இளம் தோழா, எழுந்திரு! களைப்பாக இருக்கிறதா? நட. நாளைக்கும் நட. கூட நாங்கள் நடக்கிறோம்.

பெற்றோரே, கேளுங்கள்! அடுத்த செக்கப்பில் ரத்த அறிக்கையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இதயத்துக்கு எக்கோ எப்போது, எலும்பு எப்படி, எந்த விளையாட்டு ஆகும், எது ஆகாது என்று கேளுங்கள். பிசியோதெரபிக்குச் சீட்டு கேளுங்கள். டாக்டர் அவசரத்தில் இருப்பார். இருக்கட்டும், கேளுங்கள்!

டாக்டர் சொன்னதை எழுதி வாங்குங்கள். மறுநாள் காலையே பி.டி. வாத்தியார் கையில் கொடுங்கள். தோழர்களே, ஒரு பெற்றோரையும் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள்!