எழுதப்பட்டவர் எழுதுகிறார்!

“கலைக்கு இனம் ஏது? ‘ரோமா கலை’ என்று தனிப்பெயர் எதற்கு?” என்று கேட்கின்றனர் கனவான்கள் சிலர். கேட்கத் தகுந்த கேள்விதான். கேட்கும் தகுதி அவர்க்கு உண்டா என்பதே நம் ஐயம்!

ஊர் ஊராகத் துரத்தி, ‘ஜிப்சி’ என்று இகழ்ந்தது ஐரோப்பா. 17ஆம் நூற்றாண்டில் ழாக் கல்லோ செதுக்கிய படங்களிலே அவர்கள் திரியும் கூட்டம். பின்வந்தோர் ஓவியத்திலே குறி சொல்லும் கிழவி, கூத்தாடும் குமரி. எழுதியவர் பிறர், எழுதப்பட்டவர் ரோமா! அன்று கண்ணுக்குத் தெரிந்த இனம், அவர்களே தூரிகை ஏந்திய நாளில் மட்டும் மறைந்துவிட்டதோ?

1971இல் இலண்டனில் கூடிய முதல் உலக ரோமா மாநாடு, இழிபெயரைத் தள்ளி ‘ரோமா’ என்ற தம் மொழிப் பெயரை ஏற்றது. 2007இல் வெனிஸ் கலைவிழாவில் முதல் ரோமா அரங்கம் எழுந்தது. 2022இல் அதே விழாவில், போலந்து நாட்டின் அரங்கையே மல்கோர்சாத்தா மிர்கா-தாஸ் என்ற ரோமா பெண்மணி தம் துணி ஓவியங்களால் நிரப்பினார். கல்லோவின் அதே காட்சிகளை எடுத்து, ஊசியும் நூலும் கொண்டு, மானமுள்ள மாந்தரின் பயணமாக மாற்றித் தைத்தார்! ஆஸ்திரியாவின் செய்யா ஸ்டோய்க்காவோ, சிறுமியாக ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட மூன்று நாஜி முகாம்களில் வதைபட்டுப் பிழைத்தவர். ஐம்பது வயதுக்குப் பின் வண்ணமெடுத்து அக்கொடுமையைத் தீட்டினார்.

ஒருவர் கையில் துணி, ஒருவர் கையில் வண்ணம். பாணியால் இவர்கள் ஒன்றல்லர். குருதியா ஒன்றாக்கியது? குருதியால் கலை பிறக்குமென்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. அவர்கள் மொழி இந்தோ-ஆரியக் கிளை என்கிறது மொழியாராய்ச்சி, உண்மை. அதனால், “எல்லாம் இந்தியாவின் பழம்பெருமை” என மார்தட்டுவதும் பேதைமையே. ஆயிரம் ஆண்டுக்கு முன் புறப்பட்ட இடமன்று, ஐரோப்பாவில் பட்ட பாடும் வாழ்ந்த வாழ்வுமே அக்கலையின் கரு. பிறரால் பார்க்கப்பட்டவர், தம்மைத் தாமே பார்த்துச் சொல்லும் சொல் எதுவோ, அதுவே ரோமா கலை என்போம் நாம்.

“அப்பெயரே நாளை வேலியாகாதோ?” எனலாம். பிறர் சூட்டினால் வேலி. தாமே ஏற்றால் வாயில். வேண்டாதபோது அதைக் கடந்து செல்லும் உரிமையும் அக்கலைஞருக்கே உண்டு!

இளைஞர்களே! ஒரு படத்தின்முன் நின்று, “யார் உருவம்?” என்று கேட்குமுன், “யார் கை?” என்று கேட்போம்!