இல்லப் பக்கம்: மோரிச் சுவருக்கு ஏற்ற மேலுறை

மும்பையில் வாழும் நம்மவர்க்கு ‘மோரி’ என்னும் மராத்திச் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. சால் வீடாயினும் தாராவிக் குடியிருப்பாயினும், ஒற்றை அறையின் ஒரு மூலையில் சிறு வரம்பு கட்டி, அதனுள்ளேயே குளியலும் துவையலும் பாத்திரம் துலக்கலும் நடத்துகின்றோம். ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் படுக்கை, நடுவே நீர். அம்மூலையின் சுவர் நீரைத் தாங்காவிடில் வீடு முழுதும் ஓதம் ஏறும். பூசணம் படர்ந்து குழந்தைகளின் மூச்சை வருத்தும். கீழ்வீட்டாரின் கூரையில் கறை படியும். பல்லாண்டு பேணிய அயலுறவு ஒரே மழைக்காலத்தில் கசந்துவிடுவதும் உண்டு. ஆதலின், குறைந்த செலவில் நீர்புகா மேலுறை அமைக்கும் வழியை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நல்ல மேலுறையை ஊடுருவி நீர் செல்வது அரிது. இணைப்பின் வழியே செல்வதுதான் பெரும்பான்மை. தரையும் சுவரும் கூடும் மூலை, குழாய் வெளிவரும் துளை, திருகாணி ஏறிய இடம் ஆகியவையே நீர் புகும் வாயில்கள். கடைக்குச் செல்வோர் மேலுறையின் நிறத்தையும் வழவழப்பையும் கண்டு, கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடுகின்றனர். இணைப்புக்கு எஞ்சுவது சில்லறையே. இவ்வரிசையை மாற்றுதல் வேண்டும். முதற்பணம் தரைக்கும் மூலைக்கும், மீந்ததே முகப்புக்கு.

சிமென்டோடு பாலிமர் கலந்து பூசும் நீர்காப்புப் பூச்சு கடைகளில் கிடைக்கின்றது. அதைத் தரை முழுதும் பூசி, சுவரிலும் ஓர் அடி உயரம் ஏற்றிவிட வேண்டும். அது உலர்ந்து இறுகியபின், நீர்போகும் துளையைத் துணியால் அடைத்து, வரம்பு கொள்ளும் அளவுக்குள் ஓரிரு அங்குலம் நீர் நிறுத்தி, மட்டத்தைக் குறித்துவைத்து, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க. கீழ்வீட்டாரிடம் முன்னரே சொல்லி, அவர்தம் கூரையையும் உடன் பார்த்தல் நன்று. இச்சோதனை முடியுமுன் மேலுறையைத் தொடலாகாது. பின்னர்க் கசிவு தெரிந்தால் அனைத்தையும் பெயர்க்க நேரும்.

இனி மேலுறை. சுவரின் தன்மையே இதனை முடிவு செய்யும். செங்கற்சுவர் உறுதியாக நிற்குமாயின், டைல்ஸ் என வழங்கும் பீங்கான் ஓடு நெடுநாள் உழைக்கும், வெப்பத்துக்கும் அஞ்சாது. ஆனால் ஓடுகளின் இடைவெளியை அடைக்கும் சாதாரணச் சிமென்டுக் கிரவுட் நீரை உறிஞ்சும். எப்பாக்ஸி கிரவுட் உறிஞ்சாது, விலை மட்டும் கூடுதல். மோரிப் பகுதிக்கு மட்டுமாவது அதை இடுவித்தல் நலம்.

பலகையாலோ தகரத்தாலோ ஆன மெல்லிய தடுப்பாயின் ஓடு பொருந்தாது. கதவை அடைக்கும்போதும் மாடிப்பரணில் நடக்கும்போதும் அத்தடுப்பு அதிரும். ஓட்டின் இணைப்பு விண்டுபோகும். அசைந்தாடும் படகின் குளியலறைக்கு எடை குறைந்த தகடுகளை நாடுவதும் இதுபற்றியே. இத்தகைய இடத்துக்குப் பிவிசி பலகை ஏற்றது. அது நீரில் ஊறாது. ஒன்றன் காடியில் மற்றொன்று செருகி நிற்கும். திருகாணியைக் காடிக்குள் மறையுமாறு செலுத்துக. பின்னாலுள்ள சட்டம் மரமாக இராமல் அலுமினியமாக இருப்பின் உளுத்துப்போகாது. பலகையின் அடி, முன் சொன்ன பூச்சின் மேல் கவிந்து, வரம்பின் உட்புறமே நீரை விட வேண்டும். ஓதம் ஏறிய சுவரை உலர்த்தாமல் மூடினால் உள்ளே பூசணம் வளரும்.

ஓர் எச்சரிக்கை. பிவிசி வெப்பத்தில் இளகும். தீப்பற்றினால் மூச்சை அடைக்கும் நச்சுப்புகை எழும். அடுப்பை ஒட்டிய பக்கத்தில் அதனை வைத்தலாகாது. அங்கே ஓடோ கடப்பைக் கல்லோ இருக்கட்டும்.

மூலைகளை அடைக்கும் சிலிக்கான் பசையில் இருவகை உண்டு. புளிக்காடி மணம் வீசும் வகை உலோகத்தையும், சுண்ணாம்புக் கல்லினமான கடப்பை, கோட்டா ஆகியவற்றையும் அரிக்கும். கல் உள்ள இடத்தில் ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்குக; பூசணம் பிடிக்காத வகையா என்றும் பார்க்க. பூசியபின் ஒரு நாளேனும் நீர் படாது காக்க.

கணக்கையும் காண்போம். 3 அடிக்கு 4 அடி மோரியில் மூலைச்சுவர் இரண்டும் சேர்ந்து 7 அடி, அதாவது 84 அங்குலம். 10 அங்குல அகலமும் 10 அடி நீளமும் உள்ள பலகை வாங்கினால் 9 துண்டுகள் வேண்டும். 6 அடி உயரம் வைத்தால் பலகைக்கு ஒரு துண்டே தேறும். 9 பலகை வேண்டும், ஒவ்வொன்றிலும் 4 அடி வீண். 5 அடி உயரம் வைத்தால் பலகைக்கு இரு துண்டு தேறும். 5 பலகையே போதும். முக்காலியில் அமர்ந்து வாளிநீரில் குளிக்கும் வீட்டுக்கு 5 அடி போதுமானது. நின்று குளிப்போர்க்கு 6 அடிக்குக் குறையலாகாது. அளவெடுக்குமுன் இதனைத் தீர்மானித்தால் ஏறக்குறையப் பாதிப் பணம் மிஞ்சும்.

இறுதியாக, வீடு யாருடையது என்பதையும் எண்ணுக. 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போர் பிறர் சுவரில் ஓடு பதித்தால், போகும்போது அதை விட்டுச் செல்ல வேண்டியதே. கழற்றத்தக்க பலகையே அவர்க்கு உகந்தது. அதற்கும் வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் பெறுக. சொந்த வீட்டார் ஓட்டில் முதலிடலாம். கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் ஒரு வீட்டின் குளியலறையிலிருந்து எழும் கசிவைச் சீர்செய்யும் செலவு பொதுவாக உறுப்பினரையே சாரும் என்பதை அவர் மறவாதிருப்பாராக.

மழை ஜூன் திங்களில் தொடங்கிவிடும். சுவர் உலர்ந்திருக்கும் கோடையிலேயே இப்பணியை முடித்துக்கொள்ளுதல் நம் இல்லங்களுக்கு நலம் பயக்கும்.