பனியன் லாரியில் பிரஷர் மாத்திரையும் ஏறட்டும்

எங்கே புயல், எங்கே வெள்ளம் என்று கேள்விப்பட்டாலும் திருப்பூர் சும்மா இருப்பதில்லை. ஏதாவது ஒரு குடோன் வாசலில் லாரி வந்து நிற்கும். பனியன், நைட்டி, போர்வை, குழந்தைகளுக்கான டி-ஷர்ட் எல்லாம் கட்டுக் கட்டாக ஏறும். செக்கிங் முடித்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று மடித்துக் கொடுப்பார்கள். இந்த ஊரில் வேலை செய்வதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் இது. ஆனால் அந்த லாரிகளில் அநேகமாக ஏறாத பொருள் ஒன்று உண்டு. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வலிப்புக்கும் தினமும் போடுகிற சாதாரண மாத்திரைதான் அது.

நான் ஒரு பனியன் கம்பெனி நர்ஸ். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த விதியால் உண்டான வேலை இது. சிங்கர் ஊசி ஏறிய விரல், அயர்ன் டேபிளில் சுட்டுக்கொண்ட கை, சாப்பிடாமல் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு மயங்கி விழுந்த பெண் என்று என் நாள் ஓடும். கஜா புயலுக்குப் பிறகு மருத்துவக் குழு ஒன்றோடு வேதாரண்யம் பக்கம் போனபோது, பெரிய ஆஸ்பத்திரி அனுபவத்தைவிட இந்த வேலைதான் எனக்கு அங்கே கை கொடுத்தது.

கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. அந்த வருஷம் தீபாவளி 6-ஆம் தேதி. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன டெல்டாக்காரர்கள் பலர் இன்னும் திரும்பியிருக்கவில்லை. திரும்பியிருந்தவர்களோ வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுச் சோர்ந்து போயிருந்தார்கள், டவர்கள் படுத்துவிட்டன. "அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீர்ந்திருக்குங்க்கா, இந்த மாசம் நான்தான் வாங்கி அனுப்பணும்" என்று ஓவர்லாக் டெய்லர் ஒரு பெண் என் அறையில் வந்து அழுதாள். ஊரிலிருந்து டாக்டர் ஒருவர் குழு சேர்ப்பதாகத் தெரிந்ததும் நானும் பேர் கொடுத்தேன்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. விழுந்த தென்னையை வெட்டும்போது அரிவாள் பட்டவர்கள், ஓட்டுச் சில்லும் ஆணியும் காலில் ஏறியவர்கள், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகள் என்று வரிசை நின்றது. டி.டி. ஊசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், தையல். இவையெல்லாம் நாங்கள் எதிர்பார்த்துப் போனவை. கையிருப்பும் போதுமாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வேறு மாதிரி. காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. "சும்மா பிரஷர் பாருங்க" என்று மரியாதையாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தேன், 200-ஐத் தொட்டது. நம்பாமல் மறுகையிலும் பார்த்தேன். அதே அளவு.

"ஏனுங்க ஆத்தா, எப்பத்துல இருந்து மாத்திரை போடலீங்க?"

"புயலு அடிச்ச அன்னிலேருந்து போடல நர்சம்மா. கூரையோட பெட்டியும் போச்சு, சீட்டும் அதுக்குள்ளதான் இருந்துச்சு."

மாத்திரை பேர் கேட்டேன். வெள்ளையில் சின்னதாக ஒன்று, காலையில். மஞ்சளில் பாதி, ராத்திரியில். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்தத் தகவலை வைத்து என்ன எழுதுவார் டாக்டர்? எங்கள் பெட்டியில் ஆன்டிபயாடிக்கும் இருமல் டானிக்கும் அட்டைப்பெட்டிக் கணக்கில் இருந்தன. அம்லோடிபின் சில அட்டைகள்தான். இருந்ததில் பத்து நாளுக்கு எண்ணிக் கொடுத்தோம். நன்கொடை தருகிற கைகள் காயத்தையும் காய்ச்சலையும் நினைத்தே தருகின்றன.

பிரஷர் மாத்திரை நின்றால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு விடாமல் வரும், உயிரே போகலாம். இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் இல்லாத வீட்டில் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, அதில் பாட்டிலை வைத்து ஈரத்துணியால் மூடச் சொல்லிக் கொடுத்தோம். அந்தக் கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது.

இப்படி மெதுவாகப் போகும் உயிர்கள் புயல் கணக்கில் சேர்வதில்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கிய புவேர்ட்டோ ரிக்கோ தீவில் அரசு முதலில் சொன்ன சாவு எண்ணிக்கை 64. ஆய்வுகள் வந்த பிறகு அரசே ஏற்றுக்கொண்டது 2,975. ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் நடத்திய கணக்கெடுப்பில், புயலுக்குப் பிந்தைய சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் சிகிச்சை தாமதமானதோ தடைப்பட்டதோதான் என்று தெரிந்தது. அதைப் படித்தபோது அந்த அம்மாவின் கையில் கட்டிய பட்டைதான் என் கண்முன் நின்றது.

ஒருநாள் முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேனர் கட்டி, வந்த எல்லாருக்கும் மூன்று நாள் மாத்திரை கொடுத்து, மாலையில் கிளம்பிவிட்ட குழு ஒன்றை அங்கே பார்த்தேன். யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை. மறுநாள் அதே ஆட்கள் எங்களிடம் வந்து பேர் தெரியாத மாத்திரையை நீட்டினார்கள். நல்ல மனசோடு வந்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாமல் நடக்கும் முகாம் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கிளம்பும் நாளில் நோயாளிப் பெயர், மருந்து, அளவு எழுதிய நோட்டை அந்த நிலையத்தில் ஒப்படைக்காத குழு வேலையைப் பாதியில் விட்ட குழு.

2018-இல் இல்லாத வசதி ஒன்று இன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எந்தத் தெருவில் யாருக்கு என்ன மாத்திரை என்பது சுகாதாரத் தன்னார்வப் பெண்ணுக்குத் தெரியும், பதிவிலும் இருக்கும். வெளியூரிலிருந்து போகிற குழு முதலில் தேட வேண்டியது அவரைத்தான். ஜப்பானில் நோயாளிகள் கையில் மருந்துக் குறிப்பேடு வைத்திருப்பது வழக்கம். 2011 சுனாமியின்போது அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்கு அதே மருந்தைத் தொடர்வது சுலபமாயிற்று. நம் வீடுகளில் மருந்துச் சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்தாலே போதும். எங்கள் கம்பெனியில் டெல்டாப் பெண்களை இப்படிச் செய்ய வைத்திருக்கிறேன்.

திருப்பூர் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். துணி அனுப்புங்கள், நிறுத்த வேண்டாம். கூடவே உங்கள் மருத்துவ அறை நர்சுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு கொடுங்கள். பேரிடர் வந்தால் போகத் தயாராக இருக்கும் நர்ஸ்களின் பட்டியலை மாவட்டச் சுகாதாரத் துறையிடம் இப்போதே கொடுத்து வையுங்கள். கையில் தையல் போடவும், நூறு பேர் வரிசையில் யார் அவசரம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எங்களுக்குத் தெரியும். அம்லோடிபின், மெட்ஃபார்மின், வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா பம்ப், பிரஷர் கருவி, குளுக்கோமீட்டர், பெரிய நோட்டு ஒன்று. லாரியில் இதற்கு ஒரு மூலை இடம் போதும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் இதைப் பேசி முடித்துவிடலாம்.