தாமரைக் குளத்து எருமை

இயற்கையை வரைவதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் பனிமலையையும் சூரிய உதயத்தையும் காட்டுவார்கள். நான் காட்டுவது சித்தன்னவாசல் எருமையை. புதுக்கோட்டை அருகே, அறிவர் கோயில் எனப்படும் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஓவியமும் அக்காலத்தது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. மொட்டு, பாதி விரிந்தது, முழுதாய் மலர்ந்தது எனத் தாமரைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இலைகளுக்கு நடுவே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். பூப்பறிக்க மூவர் இறங்கியிருக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்கூடை.

இது இயற்கைக் காட்சியே அல்ல, தீர்த்தங்கரரின் உபதேச மண்டபமான சமவசரணத்தின் ஒரு பகுதி, முக்திக்குத் தகுதியுள்ள பவ்யர்கள் வழிபாட்டுக்குப் பூக்கொய்யும் காதிகா பூமி என்னும் குளப்பகுதி என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் சமயக் கருத்தைச் சொல்லக் குளமும் பூவும் பவ்யரும் போதுமே! எருமை எதற்கு? வெயிலேறினால் நம்மூர்க் குளங்களில் எருமை இறங்கும். அதைக் கண்டவன் கைதான் இதை வரைந்திருக்க முடியும். சமவசரணத்தை வரையச் சொன்னபோதும் அவன் ஊர்க்குளத்தைத் திருத்தி அழகுபடுத்தவில்லை. தாவரத்தையும் ஓரறிவு உயிராக எண்ணும் சமயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழிபாடு கிடையாது. (அப்படியானால் பூப்பறிப்பது தகுமா என்று கேட்கலாம். துறவிக்கு ஆகாது, இல்லறத்தாருக்கு விலக்கு உண்டு.)

ஓவியன் கூலிக்கு வரைந்தவனாக இருந்தால்? அவனுக்குப் பக்தி இருந்தது என்பதற்கு என்ன சான்று? சான்று ஏதும் இல்லை, அது தேவையும் இல்லை. ஆன்மிகம் அவன் மனத்தில் இருந்ததா என்பதைவிட, அவன் படம் நம் கண்ணுக்குத் தரும் வேலையைத்தான் பார்க்க வேண்டும். குளம் தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து, இலைக்கு இலை தாண்டித் தேடினால்தான் மீன் அகப்படும். அப்படித் தேடும் நேரத்தில் ‘நான்’ என்ற நினைப்பு கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. தியானம் என்று பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். வெறும் அழகுணர்ச்சியை ஆன்மிகம் என்று உயர்த்துகிறேன் என்பார் சிலர். அழகு பார்த்தவுடன் மகிழ்வித்துவிட்டு விலகிவிடும். இந்தக் குளம் பொறுமையைக் கேட்கிறது. சுண்ணாம்புப் பூச்சு பல இடங்களில் உதிர்ந்து, இருப்பதும் மங்கிக்கொண்டு வருகிறது. போகிறவர்கள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, முதலில் எருமையைத் தேடுங்கள்.