ரெண்டடி வானத்துக்கு எதுக்குங்க ஆர்பிட்ரேஷன்?

பி.காம். படிக்கிற பயலுக்குக் கட்டடத் தகராறுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. வணிகச் சட்டம் எங்களுக்கு ஒரு பேப்பர்!

எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சண்டை பல நேரம் மண்ணுலயே ஆரம்பிச்சிடும். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மூணடின்னு பேசின வானம் அஞ்சடி வரைக்கும் போகும். கூடுதல் ரெண்டடிக்கு யார் காசு? கான்கிரீட் போட்டு மூடினப்புறம் எந்த ஜட்ஜய்யா அதை அளந்து பார்ப்பார்?

இப்போ, பெரிய இடத்து வேலையை எடுக்குற சின்ன காண்ட்ராக்டரோட ஒப்பந்தத்தைப் புரட்டுங்க. "தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், நடுவரை நாங்களே நியமிப்போம்" என்கிற மாதிரி ஒரு ஷரத்து பல ஒப்பந்தங்கள்ல இருந்திருக்கு. ஆட்டத்துல ஒரு டீமே அம்பயரையும் கூட்டிட்டு வருமாம்! அரசு ஒப்பந்தங்கள்ல இது சமத்துவத்துக்கு விரோதம்னு 2024 நவம்பர் 8-ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு.

"கோர்ட்டை விட வேகமாச்சே"ம்பாங்க. 2015 திருத்தம் நடுவருக்குக் கெடு வச்சது வாஸ்தவம்தான். ஆனா கெடு நடுவரோட தீர்ப்பு வரைக்கும்தான், அதுக்கப்புறம் கோர்ட் இருக்கே! டெல்லி மெட்ரோ ஏர்போர்ட் லைன் வழக்குல 2017-ல வந்த நடுவர் தீர்ப்பை 2024-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஏழு வருஷம்! பெரிய கம்பெனி தாங்கும். கூலியாளுக்கு சனிக்கிழமை சம்பளம் போடுறவர் தாங்குவாரா? விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. திருச்சுழிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாவட்டத்தையே தாண்டணும்.

தகராறைப் பார்த்துத்தான் வழியைத் தேடணும். அளவுச் சண்டையா? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட இன்ஜினியர், கான்கிரீட்டுக்கு முன்னாடியே டேப் பிடிச்சு எழுதி, ரெண்டு கையெழுத்து வாங்கட்டும். பில் பாக்கியா? மக்கள் நீதிமன்றம் இருக்கு. 1987 சட்டப்படி வழக்குப் போடாமலே போகலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது, அங்க ஆன சமரசத்துக்கு அப்பீலும் கிடையாது. எதிராளி சம்மதிக்கணும்கிறதுதான் ஒரே ஓட்டை. அதனாலதான் "முதல்ல சமரசம்"னு, உறவு நல்லா இருக்கும்போதே ஒப்பந்தத்துல எழுதணும்ங்கிறேன். கோடிக்கணக்குல தகராறுன்னா ஆர்பிட்ரேஷன் இருக்கட்டும், நடுவரை ரெண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும்.

மத்ததுக்கெல்லாம் அது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். வருங்கால ஆடிட்டர்களே, நாளைக்கு உங்ககிட்ட ஒரு காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தோட வந்தா, தொகையை அப்புறம் பாருங்க. தகராறு ஷரத்தை முதல்ல படிங்க!